புகழின் படிகள்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடைபெறும் நாட்களிற் கொழும்பு நகரத்தின் பேச்சே வேறாகிவிடும். கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலே பிறேசிலின் மஞ்சட்கொடியும் ஆர்ஜென்டீனாவின் நீலமும் வெள்ளையுங் கலந்த கொடியும் அடுத்தடுத்த வீடுகளிற் பறக்கும். வெள்ளவத்தையிற் காலி வீதியோரத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும். எதிரியின் கோலை நோக்கிப் பந்தைக் கொண்டுசெல்லும் முன்னணி ஆட்டக்காரருள் உலகத்திலே முதல்வர் யார் என்பதே அவ்வழக்கு. பாட்டனார் பெலே என்பார். தகப்பனார் மரடோனா என்பார். பேரன் மெஸ்ஸி என்றோ ரொனால்டோ என்றோ சாதிப்பான். தேநீர் ஆறிவிடும்; தீர்ப்பு மட்டும் கிடைப்பதில்லை.

வழக்காடுவோர் மூவரும் உண்மையையே பேசுகின்றனர். ஒவ்வொருவரும் தம் இளமையில் தம் உள்ளத்தைக் கவர்ந்தவனுக்கே முதலிடம் கொடுக்கின்றனர். எனினும், இத்தகைய விருப்பங்களைக் கூட்டியெண்ணி, இவர் முதலாமவர், அவர் இரண்டாமவர் என்று பட்டியலிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் எழுந்து உலகெங்கும் பரவிற்று. அவ்வழக்கத்தின் வரலாற்றை ஆராய்ந்தால், ஆட்டக்காரரின் பெருமை எவ்வளவு விளங்குமோ அவ்வளவுக்கு, எண்ணுவோர் கையிலிருக்கும் அளவுகோலின் இயல்பும் விளங்கும்.

புகழை எண்ணிப் படிவரிசையில் நிறுத்தும் கலைக்குக் கொழும்பு நகரம் புதியதன்று. 1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பிலே 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தித் திரையிசை நிகழ்ச்சி தொடங்கியது. அமீன் சயானி பம்பாயிலிருந்து பேசிப் பதிவுசெய்த ஒலிநாடா விமானமூலம் கொழும்புக்கு வரும். கொழும்பின் சிற்றலை அதனை இந்தியத் துணைக்கண்டமெங்கும் கொண்டுசெல்லும். முதலிற் போட்டி நிகழ்ச்சியாக இருந்த அது, சிறிது காலத்துள் பாடல்களை அவற்றின் செல்வாக்கின்படி வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாயிற்று. ஒரு பாடல் இவ்வாரம் எத்தனையாம் படியில் நிற்கிறது, சென்ற வாரம் எங்கே நின்றது என்று இலட்சக்கணக்கானோர் காத்திருந்து கேட்டனர்.

பாடல்களுக்குப் படி வகுத்தவர்கள் ஒரு சிக்கலை விரைவில் உணர்ந்தனர். கடிதங்களை மட்டும் எண்ணினால், கூட்டமாகச் சேர்ந்து கடிதம் எழுதுவோரின் விருப்பமே நாட்டின் விருப்பமாகத் தோன்றும். ஆகையால் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துப் பார்த்தே வரிசையை அமைத்தனர். எண்ணும் முறை மாறினால் வரிசையும் மாறும் என்ற உண்மையை வானொலி அன்றே கண்டுகொண்டது. உதைபந்தாட்ட உலகம் இதே பாடத்தைக் கற்பதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு சென்றது.

உதைபந்தாட்டத்தில் இத்தகைய வரிசைக்கு வழிகாட்டிய விருது 1956ஆம் ஆண்டிற் பிறந்தது. பிரான்சு தேசத்தில் வெளிவரும் 'பிரான்ஸ் புட்போல்' என்னும் பத்திரிகை, ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குப் பொற்பந்து ஒன்றைப் பரிசளிப்பதென முடிவுசெய்தது. ஐரோப்பிய நாடுகளின் விளையாட்டுப் பத்திரிகையாளர் வாக்களித்தனர். முதற்பரிசு இங்கிலாந்தின் ஸ்டான்லி மத்தியூசுக்குக் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 41. அவர் பெற்றவை 47 வாக்குகள். அடுத்து நின்ற ரியல் மட்ரிட் கழகத்தின் அல்பிரெடோ டி ஸ்டெபானோ பெற்றவை 44. மூன்றே வாக்குகள் முதல்வனையும் இரண்டாமவனையும் பிரித்தன. மறு ஆண்டிலே டி ஸ்டெபானோ முதலிடம் பெற்றார். ஓராண்டு இடைவெளியில் இருவருடைய கால்களின் திறமையிற் பெரிய மாற்றம் நிகழ்ந்திராது. வாக்களித்த சிலரின் மனமே மாறியது.

இவ்விருதுக்கு ஒரு வேலியும் இருந்தது. ஐரோப்பிய நாட்டவருக்கே அது உரியது. டி ஸ்டெபானோ ஆர்ஜென்டீனாவிற் பிறந்தவரெனினும் ஸ்பானியக் குடியுரிமை பெற்றமையால் உள்ளே வந்தார். பெலே வர இயலவில்லை. 1958இல் சுவீடனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிற் பதினேழு வயதுச் சிறுவனாக ஆறு கோல்களைப் போட்டவர். 1958, 1962, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிண்ணம் வென்ற பிறேசில் அணிகளில் இடம்பெற்றவர். தம் நாட்டுக்காக 77 கோல்களைப் போட்டவர். ஆயினும் 1956 முதல் 1974 வரையில் அவர் பிறேசிலின் சன்டோஸ் கழகத்திலும், அதன்பின் நியூயோர்க் கொஸ்மோஸ் கழகத்திலுமே ஆடினார். ஆகவே, ஐரோப்பியப் பத்திரிகையாளரின் பட்டியலில் ஒருமுறையேனும் அவர் பெயர் ஏறவில்லை. ஒரு பட்டியலைப் படிக்கும்பொழுது அதில் இருப்பவர் யார் என்று பார்ப்பதோடு, அதில் நுழைய அனுமதியற்றோர் யார் என்றும் கேட்டல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பட்டியலில் இடமில்லாத பெலேக்கு மக்கள் உள்ளத்தில் இடமிருந்தது. அவ்விடம் எவ்வாறு கிடைத்தது என்பது வானொலி நேயர்களின் சிந்தனைக்குரியது. இலங்கையிலே தொலைக்காட்சி 1979இலேதான் தொடங்கியது. அதாவது, பெலே உலகக் கிண்ணங்களில் ஆடிய காலத்தில், கொட்டாஞ்சேனைச் சிறுவன் அவருடைய ஆட்டத்தைத் தன் வீட்டிலிருந்து காண வழியிருக்கவில்லை. பத்திரிகையின் மங்கிய படம், வானொலிச் செய்தியில் வரும் இரண்டு வாக்கியம், திரைப்படத்துக்கு முன்னர் காட்டப்படும் செய்திச் சுருள் ஆகியவற்றைக் கொண்டு அவன் தன் மனத்திலே ஒரு பெலேயை அமைத்துக்கொண்டான். அந்தப் பெலே ஒருபோதும் பந்தைத் தவறவிடுவதில்லை. காதாற் கேட்டு வளர்ந்த புகழுக்கு அத்தகைய வலிமை உண்டு.

1977ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆந் திகதி அப்புகழ் நேரிலே கல்கத்தாவுக்கு வந்தது. ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பகான் கழகத்தை எதிர்த்துக் கொஸ்மோஸ் அணி ஆடியது. பெலேக்கு அப்பொழுது வயது 36. ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். மழையினால் மைதானம் நனைந்திருந்தது. ஆட்டம் 2–2 எனச் சமநிலையில் முடிந்தது. பெலே கோல் எதனையும் போடவில்லை. ஆனாலும் அன்று மைதானத்தில் நிறைந்திருந்த மக்கள் அவர் கோல் போட்டாரா என்று கணக்குப் பார்க்க வந்தவரல்லர். செவியாற் கேட்டதைக் கண்ணாற் காண வந்தவர்கள்.

மரடோனாவின் புகழோ கண்வழியாக வளர்ந்தது. 1986ஆம் ஆண்டு ஜூன் 22ஆந் திகதி மெக்சிக்கோ நகரில் ஆர்ஜென்டீனாவும் இங்கிலாந்தும் மோதின. இரண்டாம் பாதியின் தொடக்கத்திலே மரடோனா கையாற் பந்தைத் தட்டிக் கோலாக்கினார். நடுவர் அதனைக் காணவில்லை. நான்கு நிமிடங்கள் கழிந்தன. தம் பக்கத்து மைதானத்திற் பந்தைப் பெற்றுக்கொண்டு, எதிரிகளை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து, இறுதியிற் கோல் காப்பாளரையும் ஏமாற்றி, இரண்டாவது கோலைப் போட்டார். ஒரே மனிதனின் களவையும் கலையையும் ஒரே நாளிற் கண்ட உலகம் இரண்டையும் மறக்கவில்லை. தொலைக்காட்சி அக்காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. 2002இல் நடந்த ஒரு வாக்கெடுப்பில் அந்த இரண்டாவது கோலே நூற்றாண்டின் சிறந்த கோல் எனத் தெரிவாயிற்று.

இவ்வாறு செவிவழிப் புகழும் கண்வழிப் புகழும் ஒன்றையொன்று எதிர்கொண்ட நாள் 2000ஆம் ஆண்டில் வந்தது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா, நூற்றாண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தெரிவுசெய்ய முற்பட்டது. இணையத்தின் வாயிலாகப் பொதுமக்கள் வாக்களித்தனர். அவ்வாக்குகளில் மரடோனாவுக்கு 53.6 சதவீதமும் பெலேக்கு 18.53 சதவீதமும் கிடைத்தன; மூன்றாமிடத்திற் போர்த்துக்கலின் யுசேபியோ 6.21 சதவீதத்துடன் நின்றார். மற்றொரு வாக்கெடுப்பில் பீபா சஞ்சிகையின் வாசகரும் துறையறிந்த நடுவர் குழுவினரும் பங்குபற்றினர். அதிலே பெலேக்கு 72.75 சதவீதம், டி ஸ்டெபானோவுக்கு 9.75; மரடோனாவுக்கு 6. முதலாவது கணக்கிற் பெலேயைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு பெற்ற மரடோனா, இரண்டாவது கணக்கில் பெலே பெற்றதிற் பன்னிரண்டில் ஒரு பங்கையே பெற்றார்.

ஒரே வினா, ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம். விடைகளோ வடதுருவமும் தென்துருவமும் போல் விலகி நின்றன. டிசம்பர் 11ஆந் திகதி உரோமாபுரியில் நடந்த விழாவில் இருவருக்கும் பரிசு வழங்கப்பட்டது. மரடோனா தமக்குரிய பரிசைப் பெற்றுக்கொண்டு, பெலே மேடையேறுமுன் அரங்கை விட்டு வெளியேறிவிட்டார். பெண்கள் பிரிவிலும் அவ்வாண்டு முதலிடம் ஒருவருக்கு வாய்க்கவில்லை. சீனாவின் சுன் வென், அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸ் ஆகிய இரு முன்னணி ஆட்டக்காரரும் அதனைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் காண்பது கடினமன்று. 2000ஆம் ஆண்டில் இணையத்தைப் பயன்படுத்தியோருட் பெரும்பாலோர் இளைஞர். அன்று 25 வயதினனாக இருந்தவன் மெக்சிக்கோ ஆட்டத்தின்போது 11 வயதுச் சிறுவன். வியப்பு ஆழமாகப் பதியும் பருவம் அது. 1958இற் பெலேயின் பெயரைக் கேட்டு மகிழ்ந்த 15 வயதுச் சிறுவனோ 2000இல் 57 வயதை எட்டியிருந்தான். கணினியின் முன் அமர்ந்து வாக்களிக்கும் வழக்கம் அவன் தலைமுறையில் அரிதாகவே இருந்தது. நடுவர் குழுவினர் பெலேயின் காலத்தையும் அறிந்தவர்கள். மூன்று கிண்ணங்களையும் நீண்ட கால உழைப்பையும் நிறுத்துப் பார்த்தவர்கள். முதலாவது வாக்கெடுப்பு அன்பின் வேகத்தை அளந்தது. இரண்டாவது மதிப்பின் நிறையை அளந்தது. இரண்டும் பொய்யல்ல; ஆனால் இரண்டும் ஒரு பொருளைப் பற்றியனவுமல்ல. வெள்ளவத்தைத் தேநீர்க் கடையில் பாட்டனாரும் தகப்பனாரும் இணங்காதிருப்பதும் இக்காரணத்தினாலேயே.

அளவுகோல்கள் காலப்போக்கில் அகன்றன. பொற்பந்து விருதின் வேலி 1995இல் தளர்த்தப்பட்டது. ஐரோப்பியக் கழகங்களில் ஆடும் எந்நாட்டவரும் தகுதி பெற்றனர். அவ்வாண்டே லைபீரியா நாட்டின் முன்னணி ஆட்டக்காரர் ஜோர்ஜ் வேயா அதனை வென்று, அவ்விருதைப் பெற்ற முதல் ஆபிரிக்கரானார். பிற்காலத்தில் அவர் தம் நாட்டின் சனாதிபதியாகவும் தெரிவானார். 2007 முதல் உலகம் முழுவதும் அவ்விருதின் எல்லைக்குள் வந்தது. 2016இற் பீபா ஏற்படுத்திய புதிய விருதிலே தேசிய அணித்தலைவர், பயிற்றுநர், பத்திரிகையாளர், இரசிகர் ஆகிய நான்கு பிரிவினரின் வாக்குகளுக்கும் சம நிறை அளிக்கப்பட்டது. இம்முறையில், சம்மேளனத்தின் உறுப்பு நாடாகிய இலங்கையின் அணித்தலைவருடைய வாக்கும் பிறேசில் அணித்தலைவருடைய வாக்கும் ஒரே மதிப்புடையன.

மக்களோ தமக்கென வேறு அளவுகோல்களையும் கண்டனர். 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின்போது, கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூர்க் கிராமத்தில் இரசிகர்கள் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி உயரத்தில் உருவப்பலகை நிறுத்தினர். பிறேசில் இரசிகர்கள் அதனினும் உயரமாக நெய்மாருக்கு ஒன்றை எழுப்பினர். ரொனால்டோவின் இரசிகர்கள் அவ்விரண்டையும் விஞ்சும் உயரத்தில் மூன்றாவதை நாட்டினர். அங்கே புகழின் வரிசை அடிக்கணக்கில் அளக்கப்பட்டது.

உலகத்தின் வரிசைகளை இவ்வாறு கண்டபின், மீண்டும் கொழும்புக்குத் திரும்புதல் தகும். பாடல்களைப் படியேற்றும் நிகழ்ச்சி தொடங்கிய அதே 1952ஆம் ஆண்டின் மார்ச்சு மாதத்தில், இதே நகரத்தில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் அணிகள் கூடி உதைபந்தாடின. அப்போட்டிக்குக் கொழும்புக் கிண்ணம் என்றே பெயர். இந்தியாவும் பாகிஸ்தானும் கோலின்றிச் சமநிலை கண்டு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. அதன் பின்னர் அக்கிண்ணத்துக்கான ஆட்டங்கள் இரங்கூன், கல்கத்தா, டாக்கா ஆகிய நகரங்களிலும் நடந்தன. 1939இல் அமைக்கப்பட்ட இலங்கைச் சங்கம் பீபாவில் இணைந்ததும் அந்த 1952ஆம் ஆண்டிலேயே.

வானொலியில் ஒலித்த இந்திப் பாடல்களின் வரிசையைப் பற்றி நூல்கள் உண்டு. ஆண்டுவாரிப் பட்டியல்கள் உண்டு. அவற்றை மனப்பாடமாகச் சொல்வோரும் உண்டு. ஆனால் அவ்வாண்டு கொழும்பு மைதானங்களிலே மக்கள் பெயர் சொல்லி ஆர்ப்பரித்த முன்னணி ஆட்டக்காரருக்கு அத்தகைய வரிசை எதுவும் வகுக்கப்படவில்லை. புகழை எண்ணும் கலையை அறிந்திருந்த நகரம் தன் சொந்த மைந்தரின் புகழை எண்ணாது விட்டது.

இது கொழும்புக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழ்நாட்டின் வந்தவாசியில் 1939ஆம் ஆண்டிற் பிறந்த பூங்கம் கண்ணன் கல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு பெருங் கழகங்களிலும் முன்னணி ஆட்டக்காரராகப் புகழ்பெற்றார்; இந்திய அணியிலும் ஆடினார். ஒன்றையொன்று பகைக்கும் இவ்விரு கழகங்களின் இரசிகரும் ஒருவரையே பாராட்டுவது எளிதில் வாய்க்கும் பேறன்று. ஜெர்மனியின் பெயர்பெற்ற பயிற்றுநரான டெட்மார் கிராமர் அவரை 'ஆசியாவின் பெலே' என்று அழைத்ததாகக் கூறுவர். அப்பட்டமே அவர் பெயரோடு நிலைத்துவிட்டது.

அந்தப் பட்டத்திற் பெருமையும் உண்டு. ஒரு குறையும் உண்டு. பெலேயை அளக்கப் பெலே என்ற பெயர் போதும். கண்ணனை அளக்க அவர் பெயர் போதவில்லை; பிறிதொரு நாட்டின் அளவுகோலை இரவல் வாங்க வேண்டியிருந்தது. 1977இல் மெய்யான பெலே கல்கத்தாவுக்கு வந்து எதிர்த்து ஆடிய மோகன் பகான், கண்ணன் முன்னர் ஆடிய கழகமே. கண்ணன் 2019ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் கல்கத்தாவிலேயே காலமானார். இறுதிக் காலத்தில் அவருடைய மருத்துவச் செலவுக்குப் பிறர் உதவியை நாட வேண்டியிருந்தது. பட்டம் நிலைத்தது, அது பட்டம் பெற்றவரைத் தாங்கவில்லை.

இலங்கையின் உதைபந்தாட்டத்துக்கும் உச்சமான ஒரு நாள் உண்டு. 1995ஆம் ஆண்டிலே தெற்காசிய நாடுகளின் தங்கக் கிண்ணப் போட்டி கொழும்பில் நடைபெற்றது. கொட்டாஞ்சேனைப் பகுதியை அடுத்துள்ள சுகததாச விளையாட்டரங்கில் இறுதி ஆட்டம். எதிரணி இந்தியா. உரிய நேரத்திற் கோல் எதுவும் விழவில்லை. மேலதிக நேரத்தில் முதலிற் கோல் போடும் அணிக்கே வெற்றி என்பது அக்காலத்து விதி. அந்த ஒரு கோலை இலங்கை போட்டது. தெற்காசியக் கிண்ணத்தை இலங்கை வென்றது அந்த ஒருமுறையே. ஐரோப்பாவில் வேயாவின் பெயர் புகழ்ப்பட்டியலின் உச்சியேறிய அதே ஆண்டில் இவ்வெற்றி நிகழ்ந்தது. ஆனால் மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையின் கிரிக்கெட் அணி உலகக் கிண்ணத்தை வென்றது. அப்பேரொளியில் முந்திய ஆண்டின் விளக்கு மங்கியது. 1996இன் வீரர் பதினொருவரையும் வரிசையாகச் சொல்லும் சிறுவனிடம் 1995இன் அந்தக் கோலை யார் போட்டார் என்று கேட்டால், பெரும்பாலும் மௌனமே விடையாகும்.

கிரிக்கெட்டின் வெற்றி குறைகூறுதற்குரியதன்று. நாடு முழுவதும் மகிழ்ந்த வெற்றி அது. ஆயினும் புகழ் என்பது திறமையின் நிழல் மட்டுமன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. விளக்கு எங்கே பிடிக்கப்படுகின்றதோ அங்கேதான் நிழல் விழும். உலக நாடுகளின் அணிகளைத் தரவரிசையிடும் பீபாவின் பட்டியலில் 2021ஆம் ஆண்டளவில் இலங்கை 200ஆம் இடத்துக்கும் கீழே நின்றது. அவ்வெண் அணியின் நிலையைக் கூறும். ஆனால் 1865ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ற் கல்லூரியின் மைதானத்தில், தலைமுறை தலைமுறையாக மாலைவேளைகளிற் பந்தின் பின்னே ஓடிய மாணவரைப் பற்றி அவ்வெண் எதுவும் கூறாது. அவர்களுட் சிறந்தவன் யார் என்று அவனோடு ஆடியவர் அறிவர். வேலியோரம் நின்று பார்த்தவர் அறிவர்.

அவ்வறிவு எழுத்தில் ஏறாவிடின் அறிந்தவரோடு மறைந்துவிடும். பெலேயின் கோல்களை எண்ணிவைத்தவர் இருந்தமையால் அவற்றைப் பற்றி இன்றும் வழக்காட முடிகின்றது. மரடோனாவின் ஓட்டத்தைப் படம் பிடித்தவர் இருந்தமையால் அதனைக் காணாத தலைமுறையும் அதற்கு வாக்களிக்கின்றது. கொழும்பின் ஆட்டக்காரருக்கும் சான்றுகள் முற்றாக அற்றுப்போகவில்லை. 1930இற் பிறந்த வீரகேசரியின் பழைய இதழ்களும் 1932இற் பிறந்த தினகரனின் பழைய இதழ்களும் உண்டு. பாடசாலைகளின் ஆண்டு மலர்கள் உண்டு. கழகங்களின் புகைப்படங்கள் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கோல் போட்டவர் பெயரைத் தேடியெடுத்து ஆண்டுவாரியாகத் தொகுப்பது ஒரு பாடசாலை மாணவர் மன்றத்தின் ஆற்றலுக்குள் அடங்கிய பணியே. புகைப்படத்தில் நிற்பவரின் பெயரைச் சொல்லக்கூடிய முதியோர் உயிரோடிருக்கும்பொழுதே அது செய்யப்படல் வேண்டும்.

பெலே 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். மரடோனா அவருக்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 2020 நவம்பரில் மறைந்தார். அவர்களுக்கிடையிலான வழக்கு மட்டும் ஓயவில்லை. அடுத்த உலகக் கிண்ணத்தின்போதும் காலி வீதித் தேநீர்க் கடையில் அது எழத்தான் செய்யும். அவ்வேளையிற் பாட்டனார் பெலேயைச் சொல்லி முடித்தபின், கொழும்பு மைதானத்தில் தாம் கண்ணாற் கண்ட முன்னணி ஆட்டக்காரன் ஒருவனின் பெயரையும் சொல்வாராயின், பேரன் அதனை ஒரு தாளிற் குறித்துக்கொள்வானாயின், எண்ணப்படாதோரின் பட்டியலில் முதற்பெயர் எழுதப்பட்டதாகும்.